உரைமருந்தில் தேன்

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. சின்ன வயதில் பல்லி மேலே விழுந்தால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். இடி இடித்தால் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வேன். இப்படிப்பட்டவளுக்கு, மனிதனுக்குத் தெரிந்த நஞ்சுகளிலேயே கொடியது என்று பாடப்புத்தகம் சொல்கிற ஒன்றை வைத்துக்கொண்டு வேலை பார்க்கும்படி ஆகிவிட்டது. சின்னமனூரில் யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சொன்னேன், சிரித்தார்கள்.

வடக்கே, ரயில் ஏறினால் மறுநாளும் போய்க்கொண்டே இருக்கிற தூரத்தில் அந்த ஆராய்ச்சிக்கூடம் இருந்தது. பாட்டுலிசம் என்கிற நோய்க்கான விஷமுறிவுதான் எங்கள் வேலை. காற்றுப் படாமல் அடைத்துவைத்த உணவு கெட்டால், அதில் ஒரு கிருமி வளர்ந்து நஞ்சைக் கக்கும். அது உடம்புக்குள் போய்விட்டால் நரம்பு சொல்வது தசைக்குக் கேட்காது. முதலில் இமை தொங்கும். அப்புறம் கழுத்து, கை, கால். கடைசியில் மூச்சு. நினைவு மட்டும் தெளிவாக இருக்கும். பாம்புக்கடிக்கு எடுப்பதைப் போலவே இதற்கும் குதிரையின் ரத்தத்திலிருந்து விஷமுறிவு எடுக்கிறார்கள். அதன் வீரியம் எவ்வளவு, எந்த வகை நஞ்சை அது முறிக்கிறது என்று சோதிப்பது எங்கள் பொறுப்பு. சோதிக்கிற வழி எலி.

நோயாளியிடமிருந்து வந்ததைக் கரைத்து வடிகட்டி வெள்ளெலிகளுக்கு ஊசியில் ஏற்றுவோம். சில எலிகளுக்கு அப்படியே ஏற்றுவோம். சிலவற்றுக்குக் கொதிக்கவைத்து ஏற்றுவோம், கொதித்தால் நஞ்சு செத்துவிடும். மற்றவற்றுக்கு ஏ, பி, இ என்று ஒவ்வொரு வகை விஷமுறிவையும் கலந்து ஏற்றுவோம். பிறகு காத்திருப்பதுதான். நஞ்சு இருந்தால் எலியின் ரோமம் சிலிர்த்துக்கொள்ளும். மூச்சுக்கு இழுத்து இழுத்து வயிறு உள்ளே ஒட்டி, இடுப்பு குளவியின் இடுப்பு மாதிரி ஒடுங்கிவிடும். அந்த இடுப்பைப் பார்த்துவிட்டால் அந்த எலி மேல் நம்பிக்கை வைக்க முடியாது. எந்த விஷமுறிவு வாங்கிய எலி உயிரோடு திரிகிறதோ, நோயாளியின் உடம்பில் இருப்பது அந்த வகை நஞ்சு.

கூண்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து பார்க்கும்போதெல்லாம் கையுறைக்குள் எனக்குக் கை வேர்த்துக்கொண்டே இருக்கும். எங்கள் பிரிவின் தலைவர் ஒரு மலையாளி. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். "பேடியுள்ளவங்கதான் இந்த வேலைக்கு நல்லது. கை ஜாக்கிரதையா இருக்கும்" என்பார். பேடி என்றால் மலையாளத்தில் பயம். மலைக்கு அந்தப் பக்கம் மலையாள நாடு என்பதால் எங்கள் பள்ளத்தாக்குக்காரர்களுக்குப் பாதி மலையாளம் கூடப் பிறந்தது. அவர் பேச்சு எனக்கு ஊர் நினைப்பைக் கொடுக்கும். பயத்தை ஒருவர் பாராட்டியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

பிள்ளை உண்டானது தெரிந்ததும் எலிக்கூடத்துப் பக்கமே போகாமல் மேசை வேலைக்கு மாறிக்கொண்டேன். பிரசவத்துக்குச் சின்னமனூர் வந்தேன். என் அம்மா காலமாகி வெகுநாளாகிவிட்டது. அண்ணனும் மதினியும்தான் எனக்குப் பிறந்த வீடு. கணவர் சரக்குக் கப்பலில் வேலை. அவர் எந்தக் கடலில் இருக்கிறார் என்று அவருக்கே சில நாள் தெரியாது. செல்போன் எங்கள் பக்கம் நாலு பேர் கையில் வந்திருந்த புதிது. என் அண்ணனிடம் ஒன்று இருந்தது. தன் மோட்டார் கடையில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சட்டைப் பையில் வைத்திருப்பார்.

மதினியைப் பற்றிச் சொல்லவேண்டும். நெடுநெடுவென்று இருப்பார். பேச்சு தெருமுனை வரை கேட்கும். மேகமலை அடிவாரத்து ஊரில் பிறந்தவர். வாழைத்தோப்பு வேலைக்கு ஆள் விடுவது முதல் வீட்டுக் கணக்கு வரை எல்லாம் அவர் கையில். இரண்டு பையன்களைப் பெற்று வளர்த்துக் கல்லூரிக்கு அனுப்பியவர். என்னை அவர் கூப்பிடும் பெயர் "எலி டாக்டரு". பெயர் வைத்ததில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். பால்காரர் முன்னால்கூட விடமாட்டார்.

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பார்கள். வீட்டில் நல்ல குணமுள்ளவர் ஒருவர் விரலால் தேன் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பது. வைத்தவரின் குணம் வரும் என்று நம்பிக்கை. நான் பிரசவத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். தேனுக்குள் அந்தக் கிருமியின் விதை இருக்கக்கூடும், பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது, ஒரு வயது ஆகாத பிள்ளையின் குடலில் மட்டும் முளைத்து அங்கேயே நஞ்சைக் கக்கும் என்று விளக்கினேன். அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை, ஆனாலும் வேண்டாம் என்றேன். மதினிக்கு முகம் வாடிவிட்டது. "என் புள்ளைக ரெண்டும் தேன் நக்கித்தான் வளந்துச்சுக" என்றார். ஆனால் மறுக்கவில்லை. மகள் பிறந்த அன்று சீனித்தண்ணீர் தொட்டுத்தான் சேனை வைத்தார். பார்க்க வந்தவர்கள் ஏன் என்று கேட்டபோது, "எலி டாக்டரு உத்தரவு" என்று என் பக்கமே பேசினார்.

நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். என் பயத்துக்கு முதல் தடவையாக ஒரு பலன் கிடைத்த மாதிரி இருந்தது.

மகளுக்கு மூன்றாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. சித்திரை வெயில். ஒருநாள் மதினி சொன்னார், பிள்ளை வெளிக்குப் போகவில்லை என்று. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை நாலு நாள் போகாமல் இருப்பது சாதாரணம்தான், கவலைப்படாதீர்கள் என்று நானே பெரிய மனுஷியாகச் சொன்னேன். மதினி சும்மா இருப்பவர் இல்லை. குளிப்பாட்டியதும் கொடுக்கிற உரைமருந்தைக் கொஞ்சம் கூட்டினார். சுக்கு, வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய் எல்லாவற்றையும் கல்லில் ஒவ்வொன்றும் ரெண்டு இழுப்பு இழைத்துச் சங்கில் புகட்டுவது. எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். என் அம்மா வெந்நீரில் இழைப்பார். நான் அந்த நேரத்தில் பெரும்பாலும் குளிக்கப் போயிருப்பேன்.

அதன் பிறகு வந்த நாட்களை நினைக்கவே எனக்குப் பிடிப்பதில்லை. ஏனென்றால் எல்லோரும் பிள்ளையைப் புகழ்ந்துகொண்டிருந்தோம். அழவே இல்லை. எந்நேரமும் பாதிக் கண் மூடித் தூங்குகிற மாதிரி கிடந்தாள். "என்னா அமைதியான புள்ள" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. சேனை வைத்தது மதினி, மதினியின் குணம் வந்திருந்தால் தெருவே விழித்திருக்கும் என்று அண்ணன் கேலி செய்தார். எனக்கு மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. பிள்ளை சரியாக இழுக்கவில்லை. வெயிலுக்குப் பசி மந்தம் என்றார்கள். நானும் சரி என்றேன். மடியில் பயத்தைக் கட்டிக்கொண்டு திரிகிறவள், பயப்படவேண்டிய நேரத்தில் நிம்மதியாக இருந்தேன்.

அன்று காலை மதினி முற்றத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்து, நீட்டிய கால்களின்மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். முன்பெல்லாம் குளிக்கும்போது காலை உதைத்து, தலையைத் தூக்கி, வீட்டை இரண்டாக்குகிறவள் அன்று அசையவில்லை. ஈரத்துணி மாதிரி மதினியின் காலில் படிந்து கிடந்தாள். திருப்பிப் போட்டபோது தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. அழுகை வந்தது. பூனைக்குட்டி தூரத்தில் கத்துகிற மாதிரி மெல்லிசாக வந்தது.

நான் துண்டோடு நின்றுகொண்டிருந்தேன். என் கண் அவள் வயிற்றுக்குப் போனது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே வயிறு உள்ளே ஒட்டி ஒட்டி எழுந்தது. இந்த இழுப்பை எனக்குத் தெரியும். ஆண்டுக்கணக்கில் கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் பார்த்தது இதைத்தான். துண்டைப் போட்டுவிட்டு மதினிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"மதினி, தேன் குடுத்தீகளா?"

"என்னத்தா கேள்வி இது. நீதான் ஆகாதுன்னயே. பொட்டுக்கூட நாக்குல வைக்கல."

"உண்மையாச் சொல்லுங்க மதினி. நான் கோவிக்க மாட்டேன்."

"சாமி சத்தியமா இல்ல. குளிச்சதும் உரைமருந்து மட்டுந்தேன்."

"அத எதுல உரைச்சீக?"

மதினி என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். "தேன்லதேன். மருந்த வேற எதுல உரைப்பாக?"

சொன்னதற்கு அடுத்த கணம் அவர் முகத்தில் ரத்தம் வற்றியதைப் பார்த்தேன். அவர் என் பேச்சை மீறவில்லை. அவர் பிறந்த மலையடிவார ஊரில் மருந்தைத் தேனில்தான் உரைப்பார்கள். அவர் மனதில் நாக்கில் வைத்தால் அது தேன், கல்லில் ஊற்றினால் அது மருந்தின் ஒரு பாகம். மலையிலிருந்து வருகிற ஆள் கொடுத்த தேன், ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடுப்படி அலமாரியில் இருந்தது. வெளிக்குப் போகவில்லை என்று மருந்தைக் கூட்டியபோது தேனும் கூடியிருந்தது.

அண்ணன் வாடகைக்கு ஒரு அம்பாசிடரைப் பிடித்துவந்தார். தேனிக்குப் போகவேண்டும். அன்றைக்கென்று வீரபாண்டியில் திருவிழா. சீலையம்பட்டி தாண்டியதும் சாலை முழுக்க மஞ்சள் சேலையும் வேப்பிலையும்தான். அக்கினிச்சட்டி ஏந்தியவர்கள் மேளத்துக்குப் பின்னால் வரிசையாகப் போக, பஸ்ஸும் லாரியும் நகராமல் நின்றன. நான் பிள்ளையைத் தோளில் சாய்க்காமல், தலை மடங்கிவிடாதபடி கையால் தாங்கி, அவள் மூக்குக்குப் பக்கத்தில் என் கன்னத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சு கன்னத்தில் படுகிறதா என்பது மட்டுமே எனக்கு உலகமாக இருந்தது. படும். அப்புறம் ஒரு நொடி படாது. அந்த ஒரு நொடியில் நான் செத்துப் பிழைப்பேன்.

மதினி பக்கத்தில் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோயில் முக்கு வந்ததும் கார் கண்ணாடி வழியாகப் பார்த்து, "அடுத்த வருஷம் நான் சட்டி எடுக்கேன் ஆத்தா. இந்தக் கூட்டத்த மட்டும் ஒதுக்கி விடு" என்று முனகினார். என்னிடம் சொல்கிறாரோ என்று திரும்பினேன். அவர் அம்மனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணன் இறங்கி ஓடிப்போய் ஒரு போலீஸ்காரரின் கையைப் பிடித்து இழுத்துவந்தார். அவர் காருக்குள் எட்டிப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், அப்புறம் லத்தியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். தீச்சட்டிக்காரர்கள் மேளத்தை நிறுத்தி ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். எங்கள் கார் அவர்கள் நடுவே போனபோது அந்த அனல் கண்ணாடிக்குள் அடித்தது.

தேனி ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டர் நடுத்தர வயதுக்காரர், அவசரம் இல்லாதவர். பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார், இமையைப் பார்த்தார், தன் சுண்டுவிரலை அவள் உள்ளங்கையில் வைத்தார். எந்தப் பிள்ளையும் அந்த விரலைப் பற்றிக்கொள்ளும். இவள் விரல்கள் விரிந்தபடியே கிடந்தன. ரத்தத்தில் கிருமி கலந்திருக்கலாம், செப்சிஸ் மாதிரி இருக்கிறது, தாமதிக்காமல் ஆரம்பிக்கலாம் என்றார். நர்ஸ் தட்டில் ஊசிமருந்துகளை எடுத்து வைத்தார். ஒரு குப்பியில் ஜென்டாமைசின் என்று இருந்தது.

அந்த மருந்தை எனக்குத் தெரியும். நரம்புக்கும் தசைக்கும் இடையில் ஏற்கனவே அறுந்துகொண்டிருக்கும் பேச்சை அது இன்னும் அறுக்கும். நஞ்சு ஏறிய எலிகளுக்கு அந்த இன மருந்து கொடுத்தால் சீக்கிரம் போய்விடும் என்பது எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் பாடம். செப்சிஸாக இருந்தால் அது உயிரைக் காக்கிற மருந்து. பாட்டுலிசமாக இருந்தால் மூச்சை நிறுத்திவிடுகிற மருந்து. நான் சொல்வது தப்பாக இருந்தால் என் வாயாலேயே மகளைக் கொன்றவளாவேன். சொல்லாவிட்டாலும் அதேதான்.

"டாக்டர், அந்த ஊசி மட்டும் வேண்டாம்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். தேனைச் சொன்னேன், மலச்சிக்கலைச் சொன்னேன், இமையை, அழுகையை, என் வேலையை. உளறினேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "நான் இதப் புத்தகத்துல படிச்சதோட சரிம்மா. ஒரு கேஸ்கூடப் பாத்ததில்ல. நீங்க பாத்ததெல்லாம் எலிதானே?"

"ஆமா டாக்டர். எலிதான்."

"நீங்க நினைக்கிறது தப்பா இருந்தா?"

"செப்சிஸுக்குக் கேக்கிற வேற மருந்து இருக்கும்ல டாக்டர். இதத் தவிர எது வேணாலும் போடுங்க."

டாக்டர் மதுரையிலிருக்கும் தன் பேராசிரியருக்குப் போன் செய்தார். கதவுக்கு வெளியே நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து, நர்ஸிடம் அந்தக் குப்பியை எடுத்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவரச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அழுகாதீங்க. மூச்சு இன்னும் கொஞ்சம் எறங்குனா மெஷின் வைக்க மதுரைக்குத்தான் போகணும். வண்டி கீழ தயாரா நிக்கும். அதுவரைக்கும் இங்கன வச்சுப் பாப்போம்" என்றார். மூக்கு வழியாக ஒரு குழாய் விட்டு, நான் பீய்ச்சிக் கொடுத்த பாலைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார்கள்.

அண்ணனின் போனை வாங்கிக்கொண்டு போய் எங்கள் பிரிவின் தலைவரைக் கூப்பிட்டேன். எங்கள் குளிர்பெட்டியில் எந்தத் தட்டில் எந்தக் குப்பி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒன்றை அனுப்புங்கள், ஒன்றே ஒன்று, நான் யாரிடமும் சொல்லமாட்டேன் என்றேன்.

"அது எலிக்குள்ளது" என்றார். "மனுஷனுக்குப் போடற சுத்தம் அதில் இல்ல. குதிர ரத்தம் வேற. இத்தனை சின்ன உடம்பு அதுக்கே போகும். நினக்கு அறியாதா?"

எனக்குத் தெரியும். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு என்று மனித ரத்தத்திலிருந்தே எடுத்த விஷமுறிவு வெளிநாட்டில் உண்டு என்பதும், அது தேனிக்கு வந்து சேர்வதற்குள் எதுவும் நடந்து முடிந்துவிடும் என்பதும் தெரியும். தெரிந்தும் அவரைத் திட்டினேன். என் ஆயுசில் ஒரு மேலதிகாரியிடம் அப்படிப் பேசியதில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார், "மலம் அனுப்பு. நான்தன்னே செய்யாம். பேடிக்கண்டா." சோதனையை நானே செய்கிறேன், பயப்படாதே என்று அர்த்தம்.

அனுப்புவதற்கு மலம் வேண்டும். நோயே மலத்தைக் கட்டிவைத்திருக்கிற நோய். டாக்டர் சுத்தமான நீரைச் சிறு குழாயில் ஏற்றிப் பொறுமையாகக் காத்திருந்து, ஒரு கரண்டி அளவு எடுத்துக் கொடுத்தார். உலகத்தில் எந்தத் தாயும் பிள்ளையின் மலத்தை அப்படி ஆசையாகப் பார்த்திருக்கமாட்டாள். அதைக் குப்பிக்குள் குப்பியாக அடைத்து, தடுப்பூசி வைக்கிற ஐஸ் பெட்டியில் வைத்துக் கட்டினோம். அண்ணன் மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினார். சென்னைக்கு வடக்கே போயிராத மனிதர். ரயிலில் என்னவென்று கேட்டவர்களிடம் பிரசாதம் என்று சொன்னாராம். அதற்கப்புறம் அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை, ஒரு அம்மாள் மட்டும் கொஞ்சம் கேட்டுப் பார்த்தாளாம்.

காத்திருந்த நாட்களில் நான் செய்த வேலை ஒன்றே ஒன்று. மகளின் வயிற்றைப் பார்த்தேன். உள்ளே ஒட்டுகிறதா, எழுகிறதா. பார்வையை எடுத்தால் நின்றுவிடும் என்று ஒரு நினைப்பு. சோறு கையில் இருக்கும்போதும் பார்த்தேன். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வா என்று யார் சொன்னாலும் கேட்கவில்லை. ஒவ்வொரு காலையும் டாக்டர் வந்து தன் சுண்டுவிரலை அவள் கையில் வைப்பார். விரல்கள் விரிந்தே கிடக்கும். ஒன்றும் சொல்லாமல் அடுத்த கட்டிலுக்குப் போவார். அவர் ஏதாவது சொல்லிவிடக்கூடாதே என்றும் பயம், சொல்லாமல் போகிறாரே என்றும் பயம்.

மதினி வார்டு வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தார். எனக்குச் சாப்பாடு கொண்டுவருவார், துணி துவைப்பார், மருந்து வாங்க ஓடுவார். கட்டில் பக்கம் மட்டும் வரமாட்டார். கூப்பிட்டால், "நான் இங்கனயே இருக்கேன்" என்பார். ஒருநாள் மெதுவாகக் கேட்டார்.

"பாம்புக்கடிக்கு ஊசி இருக்குல்ல. இதுக்கு இல்லையா?"

"இருக்கு மதினி. நான் சோதிக்கிறதே அதத்தான். இம்புட்டுச் சின்னப் புள்ளைக்குத்தான் இங்க இல்ல."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்தத் தேன் பாட்டிலக் கொட்டிட்டேன். வெந்நியப் போட்டுக் கழுவிக் கவுத்துட்டேன். ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னிக்கே ஒங்கண்ணன்கூட வீட்டுக்குப் போனப்ப. வீட்டுல இருக்கவே பயமா இருந்துச்சு."

தேனையும் சோதித்திருக்கலாம். இனி முடியாது. எனக்குக் கோபம் வந்தது, வராமல் இல்லை. ஆனால் அவர் கைகளைப் பார்த்தேன். எந்நேரமும் எதையாவது பிசைந்து, அரைத்து, கட்டிக்கொண்டிருக்கிற கைகள் முந்தானைக்குள் ஒளிந்து கிடந்தன. என்னைப் போல இன்னொரு பயந்தாங்கொள்ளி அந்த வீட்டில் உருவாகிவிட்டாள் என்று தோன்றியது.

போன் ஒரு பிற்பகலில் வந்தது. தலைவர்தான். "கொதிக்கவச்சது சுகம். பி கொடுத்தது சுகம். மற்றதெல்லாம் போயி."

அவ்வளவுதான் சொன்னார். அந்த வாக்கியத்தை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆக நான் நினைத்ததுதான். பி வகை. என் மகளின் குடலில் அது முளைத்துக்கொண்டிருந்தது உண்மை. டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதுதானே, நான் அப்படியே சுவரில் சாய்ந்து நின்றேன். அங்கே, வடக்கே, ஒரு கூண்டுக்குள் ஒரு வெள்ளெலி இப்போது சாப்பிட்டுக்கொண்டு, மூக்கை ஆட்டிக்கொண்டு திரியும். என் மகளின் நஞ்சை வாங்கிக்கொண்டு பிழைத்த எலி. அதற்கு விஷமுறிவு கிடைத்தது. என் மகளுக்குக் கிடைக்கவில்லை. அந்த எலியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் பொறாமைப்பட்டேன்.

டாக்டர் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். சிகிச்சை மாறப்போவதில்லை என்றார். இனி நரம்பு தானாகப் புதிதாகத் துளிர்க்கவேண்டும், அதுவரை மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். நான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

மதினி வாசலிலிருந்து கேட்டார், "தேன்தானாத்தா?"

"தெரியாது மதினி. தேன்லயும் இருக்கும், மண்ணுலயும் இருக்கும், வீட்டுத் தூசியிலயும் இருக்கும். எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

நான் சொன்னது உண்மை. அவர் நம்பவில்லை. எனக்கும் அந்தப் பாட்டில்தான் கண்ணில் நின்றது.

மதுரை வண்டியில் ஏறவேண்டி வரவே இல்லை. அதற்கு மேல் மூச்சு இறங்கவில்லை. ஒரு காலையில் இமை கொஞ்சம் உயர்ந்திருந்தது. வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். பிறகு வாய் அசைந்தது. பிறகு ஒருநாள் ரத்தம் எடுக்க ஊசி குத்தியபோது அழுதாள். பூனைக்குட்டிச் சத்தம் இல்லை, நிஜ அழுகை. வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் பயந்துபோய் என்னைச் சமாதானப்படுத்த வந்தார், நான் சிரித்துக்கொண்டிருந்ததால் பேசாமல் போய்விட்டார். ஆனால் கை மட்டும் வரவில்லை. டாக்டரின் சுண்டுவிரல் தினமும் வந்து தோற்றுப்போய்த் திரும்பியது. குழாயை எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பியபோதும், "கை கடைசியா வரும்மா, வந்ததும் சொல்லுங்க" என்றுதான் அனுப்பினார்.

வீட்டில் மதினி எல்லாம் செய்தார். தொட்டில் கட்டினார், துணி அலசினார், வெந்நீர் விளாவி வைத்தார். பிள்ளையைத் தொடவில்லை. உரைகல்லைக் காணவில்லை. எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையை நான்தான் குளிப்பாட்டினேன். எலியைப் பிடிக்கப் பழகிய கைக்கு, சோப்புப் போட்ட பிள்ளையைப் பிடிக்கத் தெரியாது. நான் காலை நீட்டி உட்கார்ந்து தடுமாறுவதைத் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். "தலையப் பிடி. காதுல தண்ணி போகுது பாரு" என்பார். கை முந்தானைக்குள் இருக்கும்.

அன்றைக்குப் பிள்ளை காலை உதைத்ததில் என் முழங்காலிலிருந்து வழுக்கினாள். நான் கத்திவிட்டேன். "மதினி, பிடிங்க." யோசிக்க நேரமில்லாமல் அவர் பாய்ந்துவந்து பிடித்தார். ஒரு கை முதுகில், ஒரு கை மார்பில். பிள்ளை பத்திரமாக என் காலுக்கு வந்துசேர்ந்தாள். மதினி சுட்டுக்கொண்டவர் போலக் கையை எடுக்கப் பார்த்தார். எடுக்க முடியவில்லை. அவருடைய ஆள்காட்டி விரலை மகள் ஐந்து விரலாலும் சுற்றிப் பிடித்திருந்தாள்.

மதினி மெதுவாக இழுத்துப் பார்த்தார். அவள் விடவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். சின்ன விரல் நுனிகள் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கினாள்.

"விடுத்தா. அத்தை வெரல விடு" என்றார். குரல் உடைந்துவிட்டது. கண்ணீர் மூக்கோரமாக இறங்கிப் பிள்ளையின் வயிற்றில் விழுந்தது. "ஏ எலி டாக்டரு, வந்து எடுத்துவிடு இவ கைய. எம்புட்டுப் பலம் பாரு, விடவே மாட்டேங்குறா."

நான் எடுத்துவிடவில்லை. தண்ணீர் ஆறிப்போகும்வரை மூவரும் அப்படியே முற்றத்தில் உட்கார்ந்திருந்தோம்.